மூடப் போகிறீர்களா இல்லையா, எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் என் வீட்டுக்காரர் 14 வருஷமாக வேலை பார்க்கிறார். கம்பெனியின் பெயரை எழுத முடியாது, அவர் இன்னும் அங்கேதான் போய் வருகிறார். அதை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு தீபாவளிக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது. இன்றுவரை ஆமாம் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

முதலில் ஓவர்டைம் நின்றது. அப்புறம் காண்ட்ராக்டில் இருந்த பெண்கள் நாற்பது பேரை இனி வர வேண்டாம் என்றார்கள், அவர்களுக்கு ஒரு காகிதம்கூடக் கிடையாது. போன மாதம் இரண்டு மோல்டிங் மெஷினைக் கழற்றி, தார்ப்பாய் போர்த்தி, ராத்திரியோடு ராத்திரியாக டிரெய்லரில் ஏற்றி அனுப்பினார்கள். சர்வீஸுக்குப் போகிறது என்று சொன்னார்களாம். மெஷின் நின்ற இடத்தில் போல்ட் ஓட்டையும் எண்ணெய்க் கறையும்தான் மிச்சம் என்று வீட்டுக்கு வந்து சொன்னார், அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. கேட்டால் "வதந்தியை நம்பாதீங்க" என்று வாயால் சொல்கிறார்கள், எழுத்தில் கேட்டால் பதில் இல்லை.

இந்தப் பகுதிக்கு ஆலை மூடுவது புதிதல்ல. 2006இல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை மூடுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள், கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. அந்தத் தொழிலாளிகளும் நல்ல இழப்பீடு கேட்டுப் போராட வேண்டித்தான் இருந்தது, அது சின்ன வேதனை இல்லை. ஆனால் அவர்கள் கையில் ஒரு தேதி இருந்தது, நடுவில் பத்து மாதம் இருந்தது. எங்களிடம் அதுகூட இல்லை.

இப்போது நாங்கள் மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தைச் சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு கம்பெனியில் இவருக்கு வேலை தயாராக இருக்கிறது, சம்பளம் ஆறாயிரம் குறைவு. பரவாயில்லை என்று இப்போதே ராஜினாமா செய்தால் கிராச்சுவிட்டி வரும், ஆனால் ஆலை மூடினால் சட்டப்படி வர வேண்டிய இழப்பீடு, அதாவது வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், அது போய்விடும். சரி, இருந்து பார்ப்போம் என்றால் இவருக்கு வயது 41, அந்த வேலை அதுவரை காத்திருக்காது. இப்படித் தாங்க முடியாமல் தானாக விலகிப் போகிற ஒவ்வொருவராலும் கம்பெனிக்கு இழப்பீட்டுப் பணம் மிச்சம். அதனால்தான் பேசாமல் இருக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம், தப்பாக இருந்தால் அவர்களே வந்து மறுக்கட்டும்.

100 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற ஆலையை மூட அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டும் என்று பழைய சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அதை 300 ஆக்கிவிட்டார்கள். இவர் கம்பெனியில் எல்லாரையும் சேர்த்தாலே 200 வராது. அப்படியானால் 60 நாள் நோட்டீஸ் கொடுத்தால் போதும். மகளுக்குப் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, பாதியில் நிற்கும் சீட்டு, இதையெல்லாம் வைத்துக்கொண்டு 60 நாளில் ஒரு குடும்பம் என்ன செய்து முடிக்கும்? வங்கியில் வீட்டுக் கடன் சாங்ஷன் ஆகி மூன்று மாதமாகிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தவணை இருபது வருஷம், எந்த தைரியத்தில் போடுவது?

தொழிலாளர் துறை அதிகாரிகள் ஒருமுறை உள்ளே போய் எத்தனை மெஷின் ஓடுகிறது, ஆர்டர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிர்வாகம் ஒரே ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். மூடுகிறோம் என்றால் தேதியோடு, இல்லை என்றால் அதையும் கையெழுத்தோடு. முடிவாகவில்லை என்றால் எப்போது முடிவாகும் என்றாவது எழுதுங்கள். இருங்காட்டுக்கோட்டைக்காரர்கள் 28ஆம் தேதிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தொழிலாளியின் மனைவி,
வாலாஜாபாத்