மோட்டார் நியூரானும் அதன் அண்டை செல்களும்

குன்னூர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே உறைபனி இன்னும் விடவில்லை, கோத்தகிரியிலும் அப்படித்தான் இருக்கும். மாமாவுக்கு வந்திருக்கும் ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் மெல்லச் சாகும் நோய்) பற்றிப் படித்துவிட்டு, "சாவது நரம்பு செல்தானே, கிளியாவை ஏன் ஆராய்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய்.

சாவது மோட்டார் நியூரான், அதாவது தசையை இயக்கும் நரம்பு செல்தான். எவ்வளவு வேகமாகச் சாகும் என்பதில், அதைச் சூழ்ந்திருக்கும் துணைச் செல்களான கிளியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. சிலருக்கு இந்த நோயைத் தரும் எஸ்ஓடி1 என்ற மரபணுவின் பிழை 1993-ல் தெரியவந்தது. 2003-ல் நல்ல செல்லும் பிழையுள்ள செல்லும் கலந்த எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். பிழையுள்ள நியூரானைச் சுற்றி நல்ல செல்கள் இருந்தால் அது அதிக நாள் தாக்குப்பிடித்தது. 2006-ல் இன்னும் தெளிவாயிற்று. நியூரானில் பிழையைக் குறைத்தால் நோய் தொடங்குவது தள்ளிப்போனது. மைக்ரோக்ளியாவில் (நோய் எதிர்ப்பு வேலை செய்யும் கிளியா) குறைத்தபோது தொடக்கம் அவ்வளவாக மாறவில்லை, பிற்பாடு முற்றும் வேகம்தான் தணிந்தது. 2008-ல் ஆஸ்ட்ரோசைட் என்ற இன்னொரு வகை கிளியாவிலும் இதே விடை.

ஆஸ்ட்ரோசைட்டின் வேலையைக் கொஞ்சம் பார். நரம்பு முனையில் செய்தி கடத்த வெளிவரும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை ஈஏஏடி2 என்ற புரதத்தால் உள்ளிழுத்து, குளூட்டமினாக்கித் திருப்பித் தருகிறது. நோயாளிகளின் தண்டுவடத்தில் அந்தப் புரதம் குறைந்திருப்பதை 1995-ல் கண்டார்கள். குளூட்டமேட் தேங்கினால் நியூரானுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகும். மோட்டார் நியூரானில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் புரதங்கள் குறைவு, அதனால் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா திணறிப்போகும். ரிலுசோல் என்ற மருந்து குளூட்டமேட் வெளிவருவதைக் குறைக்கிறது: 50 மி.கி., தினம் இருவேளை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ. ஈரல் என்சைம்களைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கூடுதலாகக் கிடைப்பது சில மாத ஆயுள்தான், ஆனாலும் விட்டுவிடக் கூடாது.

எலியில் பலித்ததெல்லாம் மனிதரில் பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எலியில் ஈஏஏடி2-வைக் கூட்டிய செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் மனிதச் சோதனையில் தோற்றது. மைக்ரோக்ளியாவை அடக்கும் மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொண்ட நோயாளிகள் இன்னும் வேகமாக நலிந்தார்கள். மைக்ரோக்ளியா ஆரம்பத்தில் காப்பாற்றவும் செய்கிறது, அதை மொத்தமாக அடக்குவது சரியான வழியென்று எனக்குத் தோன்றவில்லை. யாராவது இந்த இரண்டு மருந்துகளைச் சொன்னால் வேண்டாம் என்று சொல். எஸ்ஓடி1 பிழை நோயாளிகளில் சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபெர்சன் என்ற மருந்து அவர்களுக்கானது. அதனால் மரபணுப் பரிசோதனையை அவசியம் கேளுங்கள்.

மாமா ஊட்டியில் இருப்பதால் இன்னொன்று. காலையில் தலைவலி, இரவில் தூக்கம் கலைதல், படுத்தால் மூச்சுத் திணறல் இருந்தால் உடனே நுரையீரல் கொள்ளளவைப் பார்க்கச் சொல். மூச்சுத் தசை தளர்ந்தவருக்கு உயரமான இடம் கூடுதல் சுமை. அதற்காக வீட்டில் ஆக்சிஜனை மட்டும் வைத்துவிடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு தேங்கி நினைவு மங்கிவிடும். அவருக்குத் தேவைப்படுவது முகமூடி வழியாக மூச்சுக்குத் துணைசெய்யும் பைபாப் கருவியாக இருக்கலாம், டாக்டரிடம் கேள். அத்தையிடமும் இதைச் சொல்லி வை.

அன்புடன்,
மணி