கவலை தொடங்குவது டிஸ்க் பழுதான பிறகுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வரில் ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளை ஒரே சேமிப்பகமாக இணைக்கும் முறை, அமைப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நான்கு டிஸ்க்குகளைக் கொண்டு ரெய்டு 5 அமைத்துவிட்டால் ஒன்று பழுதானாலும் கவலையில்லை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். பல ஆண்டுகளாகச் சர்வர்களைப் பராமரித்துவரும் எனக்கு, கவலை தொடங்குவதே அந்த ஒன்று பழுதான பிறகுதான் என்று தோன்றுகிறது.

ரெய்டு 5-இல் இழந்த டிஸ்க்கை மீட்டெழுத, மீதமுள்ள மூன்றையும் தொடக்கம் முதல் இறுதி வரை படித்து, தரவோடு சேர்த்து எழுதிவைக்கப்படும் ‘பாரிட்டி’ என்ற மீட்புத் தகவலைக் கொண்டு கணக்கிட வேண்டும். புதிய டிஸ்க் 16 டெராபைட் கொண்டதாக இருந்தால், நொடிக்கு 200 மெகாபைட் வீதம் இடைவிடாமல் எழுதினாலும் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சர்வர் தன் அன்றாட வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தால் இது நாள்கணக்கில் நீளும். ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில், ஒரே வெப்பத்தில் ஓடிய டிஸ்க்குகளில் இரண்டாவது ஒன்று அந்த இடைவெளியில் போனால் மொத்தத் தரவும் போய்விடும். 1988-இல் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய கணினி ஆய்வாளர்கள் மூவரும் ரெய்டு பற்றி எழுதியபோது அவர்கள் கணக்கில் கொண்ட சிறிய டிஸ்க்கின் கொள்ளளவு சுமார் 100 மெகாபைட்தான்.

நான்கு டிஸ்க்குகள் என்றால் ரெய்டு 6, ரெய்டு 10 இரண்டிலும் கிடைப்பது பாதிக் கொள்ளளவே. எந்த இரண்டு போனாலும் ரெய்டு 6 தாங்கும். டிஸ்க்குகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ரெய்டு 10 அப்படித் தாங்காது. ஒரே ஜோடியின் இரண்டும் போனால் முடிந்தது. ஆயினும் மீட்டெழுதும்போது ஜோடி டிஸ்க்கை மட்டும் படித்தால் போதும் என்பதாலும், தரவைச் சிறிது சிறிதாக எழுதும் வேலைகள் விரைவாக முடிவதாலும், தரவுத்தளங்களுக்கு நான் அதையே தேர்ந்தெடுக்கிறேன்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று, பழுதான டிஸ்க்கை அடையாளம் காண்பது. லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயரிடும். அது ‘எஸ்டிபி’ பழுது என்று காட்டியதை நம்பி, டிஸ்க்குகளைச் செருகும் தட்டுகளில் இரண்டாவதுதானே என்று ஒருமுறை நல்ல டிஸ்க்கை உருவிவிட்டேன். அந்தக் கணமே ரெய்டு முழுவதும் நின்றுபோனது. அந்தப் பெயர்கள் தட்டு வரிசைப்படி அமைவதில்லை, மறுதொடக்கத்தில் மாறவும் கூடும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். உருவியதைத் திரும்பச் செருகி, ரெய்டைக் கட்டாயப்படுத்தி மீண்டும் தொகுத்து மீட்பதற்குள் விடிந்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை எழுதி ஒட்டிவிட்டே சர்வரை இயக்குகிறேன்.

ஒரு டிஸ்க்கை இழந்த ரெய்டு வெளியே எதுவும் தெரியாமல் ஓடிக்கொண்டேயிருக்கும் என்பதால், எச்சரிக்கை மின்னஞ்சல் உரியவருக்குப் போய்ச் சேர்கிறதா என்று அமைக்கும் நாளிலேயே சோதனை மடல் அனுப்பிப் பார்த்துவிட வேண்டும். தவறுதலாக அழித்த கோப்பு எல்லா டிஸ்க்கிலும் அழிந்துவிடும் என்பதால், ரெய்டு இருந்தாலும் தனி பேக்கப் தேவை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பழுதான டிஸ்க்கை மாற்றும் முறையைப் படிப்படியாக விளக்கும் கட்டுரை ஒன்றையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சர்வர் நிர்வாகி