அப்பாவைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும்

அன்புள்ளவர்களுக்கு,

அப்பாவின் மறைவுக்கு நேரில் வந்தவர்கள், கடிதம் எழுதியவர்கள், தொலைபேசியில் அழைத்துவிட்டுப் பேச்சு வராமல் நின்றவர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தனித்தனியாக எழுத முடியாத அளவுக்கு நீங்கள் நிறையப் பேர்.

அப்பா விளையாட்டு வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் ட்ரெய்னர். அந்த வேலை பார்வையாளர் கண்ணில் படுவதில்லை. வீரர்கள் வருவதற்கு முன்பே போய் டேப்பும் கட்டுத்துணியும் எடுத்து வைப்பார். எல்லோரும் கிளம்பிய பிறகும் யாருடைய கணுக்காலையாவது பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை, "இன்னிக்கு நீ ஆட வேண்டாம்" என்று அவர் தடுத்த கதைகள்தான். தலையில் அடிபட்டவர்களை அன்றைக்கு மறுபடி களத்தில் இறக்கக்கூடாது என்பதில் அவர் அசையவே மாட்டார். விளையாட்டில் ஏற்படும் தலையதிர்ச்சி பற்றிய முதல் சர்வதேச மாநாடு வியன்னாவில் நடந்தது 2001இல். அதற்கு முன்பிருந்தே அவர் அப்படித்தான். அதனால் அவரோடு சண்டை போட்ட ஒருவர், அன்று பேசாமல் இருந்ததற்கும் சேர்த்து இப்போது நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறார்.

மைதானத்தைப் பராமரித்த அண்ணனுக்குத் தனி நன்றி. வெயில் காலத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி வைக்கச் சொல்வார் அப்பா. பல வருடம் அது வீணாகத்தான் போனது. வெப்பத்தால் ஒருவர் சுருண்டு விழுந்தால் முதலில் உடம்பைக் குளிர வைக்க வேண்டும், அப்புறம்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். ஒருநாள் ஒரு பையனுக்கு அந்தத் தொட்டி தேவைப்பட்டது. அவன் பிழைத்தான். சலிக்காமல் தண்ணீர் நிரப்பியது நீங்கள்தான் அண்ணா, அப்பா அதைச் சொல்லாத நாளில்லை.

ஓய்வுபெற்ற பிறகும் படிப்பதை விடவில்லை. காயத்துக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978இல் எழுதிய மருத்துவர் கேப் மிர்கின், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் தானே கருத்தை மாற்றிக்கொண்டார். ஆயுள் முழுக்க ஐஸ் வைத்த அப்பா அதைப் படித்துவிட்டு, தன்னிடம் பயின்ற இளையவர்களைக் கூப்பிட்டு, "நான் சொல்லிக்கொடுத்ததைத் திருத்திக்கோங்க" என்றார். எனக்கு அவர்மேல் இருக்கும் மதிப்பில் பாதி அந்த ஒரு விஷயத்துக்காக.

பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தபோது, அவர் முழங்கால் சரிசெய்து அனுப்பிய பழைய வீரர் ஒருவர் பிசியோவாக வந்து சேர்ந்தார். பணம் வாங்க மறுத்தார். "இன்னொரு தடவை சார்" என்று அவர் சொல்ல, அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றார். தம்பி, அந்தக் கடைசி மாதங்களில் அவர் ஜன்னல்வரை தானே நடந்தது உங்களால். இரவில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அம்மாவைத் தனியாக விடாத அக்கம்பக்கத்தாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒரு விஷயம். வீரர்களின் காயக் குறிப்புகளை அப்பா நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார். அவை உங்கள் சொந்த விவரங்கள் என்பதால் யாரிடமும் காட்டவில்லை. உங்களுடைய பக்கங்கள் வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் உங்களைப் பார்த்தால் ஆறுதலாக இருக்கும்.

நன்றியுடன்,
அவருடைய மகள்