புதுச்சேரிக்கு வேர் தேடி வருகிறவர்கள் கொம்யூன் பெயரோடு வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கினால் புதுச்சேரியை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று இதழ்களில் கட்டுரைகள் வருகின்றன. மஞ்சள் சுவர், கடற்கரைச் சாலை, காபிக் கடை என்று அவை முடிந்துவிடும். இந்த ஊருக்குத் தனியாக வந்து இறங்குகிறவர்களில் பாட்டனுக்குப் பாட்டன் பெயரைத் தேடி வருகிறவர்களும் உண்டு. பிரான்ஸிலிருந்தும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்தும் வருகிறார்கள், சென்னையிலிருந்தும் கடலூரிலிருந்தும் வருகிறார்கள். இவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். தேடும் பதிவேடு பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கிறது. எந்தக் கொம்யூன் (பிரெஞ்சு ஆட்சியின் உள்ளாட்சிப் பிரிவு), ஏறக்குறைய எந்த ஆண்டு என்று தெரியாமல் வருவதுதான் சிக்கல். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறோம்.

பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் 'எத்தா சிவில்' என்ற குடிமைப் பதிவேட்டில் ஏறின. 1880 முதல் இங்குள்ள இந்தியர்களுக்கும் இது முறையாக நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒவ்வொரு ஆண்டும் தனிப் புத்தகம். ஆண்டு முடிவில் அகர வரிசையில் ஒரு பெயர்ப் பட்டியல் சேர்ப்பார்கள். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைத் தொகுத்துப் பத்தாண்டுப் பட்டியல் போடுவார்கள். ஆகவே பிறந்த ஆண்டு சரியாகத் தெரியாவிட்டாலும் கொம்யூன் தெரிந்தால் பத்தாண்டுப் பட்டியலில் ஆளைப் பிடித்துவிடலாம். கொம்யூன் தெரியாவிட்டால் எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று எழுத்தர் கேட்கும் கேள்விக்கே பதில் இருக்காது.

பதிவேட்டின் ஒரு பிரதி கொம்யூனிலும் இன்னொன்று நீதிமன்றத்திலும் இருக்கும். மூன்றாவது பிரதி கப்பலேறிப் பிரான்ஸுக்குப் போனது. அந்தப் பிரதிகள் இன்று ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில், கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பழைய ஆண்டுகளின் பக்கங்களை அந்தக் காப்பகத்தின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பெயரைத் தட்டித் தேடலாம் என்று நம்ப வேண்டாம். நாடு, கொம்யூன், ஆண்டு என்று இறங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். இந்த வேலையைப் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். கொம்யூன், ஆண்டு, பதிவு எண் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால் இங்கே அலுவலகத்தில் ஆகும் நேரம் பாதியாகக் குறையும். 75 ஆண்டு நிறையாத பிறப்பு, திருமணப் பதிவுகள் பிரெஞ்சுச் சட்டப்படி பொதுப் பார்வைக்கு வராதவை. அவற்றை இணையத்தில் தேடிப் பயனில்லை.

கொம்யூனைக் கண்டுபிடிக்க வீட்டுப் பெரியவர்களிடம் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். "எந்த ஊர்?" என்றால் "பாண்டிச்சேரி" என்பார்கள், அது போதாது. குலதெய்வக் கோயில் எங்கே, எந்த மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி பார்க்கப் போவார்கள், சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரராக இருந்த தாத்தாவின் பென்ஷன் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள், ஊர்ப்பெயர் தானாக வெளிவரும். 1880-இல் புதுச்சேரிப் பகுதியில் இருந்தவை புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்ற நான்கு கொம்யூன்கள்தான். காரைக்கால் பக்கம் காரைக்கால், கிராந்தால்தே ('பெரிய ஊர்') என்று பிரெஞ்சில் எழுதப்பட்ட திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு என்ற மூன்று. முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், திருபுவனை, மண்ணாடிப்பட்டு ஆகியவை பின்னால் தனியாகப் பிரிந்தவை. எனவே நெட்டப்பாக்கத்துக்காரரின் 1885-ஆம் ஆண்டுப் பிறப்பை நெட்டப்பாக்கம் என்ற தலைப்பில் தேடினால் கிடைக்காது, பழைய நான்கில்தான் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. புதுச்சேரி நிலப்பகுதி துண்டு துண்டாகக் கிடப்பது. பக்கத்து ஊர் அன்றைய தென்னார்க்காடு மாவட்டமாக, அதாவது ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியாக இருந்திருக்கலாம். அந்த ஊருக்கு எத்தா சிவில் கிடையாது.

அடுத்த தடை பெயர் எழுதும் முறை. ஆங்கில எழுத்துக்கூட்டலோடு தேடுகிறவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். பிரெஞ்சில் உகர ஒலிக்கு 'ஓ'வும் 'யு'வும் சேர்ந்த இரட்டை எழுத்து வரும். இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே ஒற்றை 'எஸ்' வந்தால் அதைப் பிரெஞ்சுக்காரர் 'இசட்' போல வாசிப்பார்கள். அதனால் ராமசாமிக்கு இரண்டு 'எஸ்' போடுவார்கள். பெயர் 'ன்' என்று முடிந்தால் மூக்கொலியாகிவிடும் என்று கடைசியில் ஓசையில்லாத 'இ' ஒன்றைச் சேர்ப்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் ழகரம். அதற்கு 'ஜே' எழுத்து. பழனி பஜனியாகவும் அழகப்பன் அஜகப்பனாகவும் கண்ணுக்குத் தெரியும். அகர வரிசைப் பட்டியலில் இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் தேட வேண்டும். குடும்பப் பெயர் இல்லாதவர்கள் அவரவர் இயற்பெயரில்தான் பட்டியலில் இருப்பார்கள். ஒரே பக்கத்தில் ஏழெட்டு முத்துக்கள் இருந்தால் தகப்பன் பெயரையும் தெருவையும் வைத்துத்தான் பிரிக்க முடியும்.

பதிவு கையில் கிடைத்ததும் அவசரப்படக் கூடாது. பிறப்புப் பதிவின் முதல் வரியில் எழுத்தால் எழுதியிருக்கும் தேதி, குழந்தை பிறந்த தேதி அல்ல. தகப்பனோ உறவினரோ மேயர் முன் வந்து தெரிவித்த தேதி அது. பிறந்த நாள் சில வரிகள் கீழே, 'நேற்று மாலை இத்தனை மணிக்கு' என்பதுபோல வரும். முதல் தேதியையே பிறந்த நாளாக எழுதிக்கொண்டு போன குடும்ப மரங்கள் ஏராளம். தெரிவித்தவரின் வயது, தொழில், குடியிருப்பு மூன்றும் அங்கேயே இருக்கும். வயதைக் கழித்தால் தகப்பன் பிறந்த ஆண்டு ஏறக்குறையத் தெரிந்துவிடும், அடுத்து எந்தப் பத்தாண்டுப் பட்டியலைத் திறப்பது என்பதும் முடிவாகிவிடும். ஒரு பெயருக்கு முன்னால் எஃப்-இ-யு என்ற மூன்றெழுத்துச் சொல் இருந்தால் அவர் அந்தத் தேதிக்குள் காலமாகிவிட்டார் என்று பொருள். ஓரத்தில் வேறு மையில் சிறு குறிப்புகள் இருந்தால், பின்னாளில் நடந்த திருமணமோ நீதிமன்றத் திருத்தமோ அங்கே ஏற்றப்பட்டிருக்கும். கடைசியாகக் கையெழுத்துகளைப் பாருங்கள். பிரெஞ்சுப் பக்கத்தின் அடியில் தகப்பனும் சாட்சிகளும் தமிழில் கையெழுத்திட்டிருப்பார்கள். எழுத்தர் பிரெஞ்சில் எப்படிச் சிதைத்திருந்தாலும் அந்த மனிதர் தம் பெயரைத் தாமே எப்படி எழுதினார் என்பது அங்கே நிற்கிறது. குடும்ப மரத்தில் அந்த எழுத்தையே எழுதுங்கள்.

இடையில் பெயர் அறுந்துபோகும் குடும்பங்கள் 1881 செப்டம்பர் 21 ஆணையை நினைவில் கொள்ள வேண்டும். தம் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்கு உட்பட விரும்பியவர்களுக்கு அது வழி திறந்தது. இவர்களே ரெனோன்சான்கள். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரும் இவர்களில் நிறைய. துறந்தவர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், திரும்பப் பெற முடியாது, மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் அதுவே பொருந்தும். 1879-இல் வெறும் சின்னப்பனாக இருந்தவர் 1883-இல் பிரெஞ்சுக் குடும்பப் பெயரோடு நிற்பது இதனால்தான். வயது வந்த பிள்ளைகள் தனித்தனியே துறந்திருந்தால் ஒரே தகப்பன் மக்களுக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர் இருக்கலாம். பிற்காலக் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு 1881-க்கு முன்னால் தேடுவது வீண்.

எல்லாம் சரியாக இருந்தும் பதிவு கிடைக்காவிட்டால் நான்கு காரணங்களைப் பார்க்கலாம். உரிய காலத்தில் பதியாமல் விட்டு, பின்னால் நீதிமன்றத் தீர்ப்பின் மூலம் பிறப்பைப் பதிந்திருந்தால் அது தீர்ப்பு வந்த ஆண்டின் புத்தகத்தில் இருக்கும், பிறந்த ஆண்டின் புத்தகத்தில் இருக்காது. தாத்தா பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்த காலத்தில் பிறந்த பிள்ளைகளின் பதிவு சைகோன் புத்தகத்தில் இருக்கும். பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர்ந்தவர்களின் அண்மைக் காலப் பதிவுகளுக்கு நாந்த் நகரில் உள்ள மைய அலுவலகத்துக்கு எழுத வேண்டும். ஆகஸ்ட் 16, 1962 சட்டப்படியான இணைப்புக்குப் பின் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்கள் இதில் அடங்குவார்கள்.

நான்காவது காரணம் தீவுகளுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் வாரிசுகளுக்கானது. 'ஒரேலி' கப்பல் 1853-இல் மார்த்தினிக்குக்கும் 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் ஆட்களைக் கொண்டுபோனது. ஆவணத்தில் புதுச்சேரி, காரைக்கால் என்று இருப்பது பெரும்பாலும் அவர்கள் கப்பலேறிய துறை. பிறந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கமோ தென்னார்க்காட்டிலோ இருக்கலாம். இவர்கள் நகராட்சிக்குப் போவதைவிட, தீவின் ஆவணக் காப்பகத்தில் வந்தேறிகள் பதிவேட்டில் உள்ள வரிசை எண்ணையும் ஊர்ப் பெயரையும் முதலில் எடுத்துக்கொண்டு வருவது மேல்.

இனி அந்த ஒரு நாள். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் வாருங்கள். திங்களன்று அருங்காட்சியகம் மூடியிருக்கும், சனி ஞாயிறில் அலுவலகம் இல்லை. நவம்பர் 1, ஆகஸ்ட் 16 இரண்டும் புதுச்சேரிக்கே உரிய விடுமுறைகள், வெளியூர் நாட்காட்டியில் அவை இருக்காது.

காலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்கலாம். 1836-இல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம் அங்கே இருக்கிறது. கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நங்கூரமிட, ஆட்களைச் சலங்கு என்ற படகுகளில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்த கடல் இது. அருகில் முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சிந்தியப் படைவீரர்களுக்கான நினைவுச் சின்னம். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தெ ஸோம்' தளத்தில் அவருடைய அட்டையைத் தேடுங்கள். படைப்பிரிவும் இறந்த இடமும் மட்டுமல்ல, பிறந்த தேதியும் ஊரும் அதில் இருக்கும். கொம்யூன் தெரியாத குடும்பங்களுக்கு அதுவே திறவுகோலாகிவிடும்.

அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருங்கள். அடையாள அட்டை, உறவுமுறை காட்டும் ஒரு பக்கக் குடும்ப மரம், பதிவு எண் குறித்த தாள் மூன்றும் போதும். சுருக்க நகல் கேட்காதீர்கள். முழு நகல் கேளுங்கள், ஓரக் குறிப்புகள் அதில்தான் வரும். அன்றே கைக்குக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மனுவைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, யார் வந்து வாங்கலாம் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் கொம்யூன் வில்லியனூரோ பாகூரோ என்றால் அங்குள்ள கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கே போக வேண்டும். லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. முன்னோர் அரசு ஊழியராகவோ வழக்கில் சம்பந்தப்பட்டவராகவோ இருந்தாலன்றி, ஒரு நாள் பயணத்தில் அதைச் சேர்க்காதீர்கள். அங்கே இருப்பவை நிர்வாகக் கோப்புகள். அறிமுகக் கடிதத்தோடு குறைந்தது இரண்டு மூன்று நாள் உட்கார்ந்தால்தான் பலன் தரும்.

மதியம் 12-லிருந்து 4 வரை கோயில்களும் பல கடைகளும் சாத்தியிருக்கும். அந்த வெயிலில் அலையாமல், 1827-இல் தொடங்கிய நூலகமான ரோமன் ரோலன் நூலகத்தில் உட்கார்ந்து காலையில் எடுத்த குறிப்புகளைச் சரிபாருங்கள். நான்கு மணிக்கு மேல் மிஷன் வீதிக்குப் போகலாம். கிறிஸ்தவக் குடும்பங்கள் எந்தக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவு கேட்பது என்பதில் அடிக்கடி இடம் மாறிப் போகிறார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பியர்களுக்கும் தொப்பாசிகள் எனப்பட்ட கலப்பினக் கிறிஸ்தவர்களுக்கும் கப்புச்சின் சாமியார்கள், தமிழர்களுக்குச் சேசு சபையார். ஆகவே கடற்கரைப் பக்கமுள்ள கப்ஸ் கோயிலைவிட, மிஷன் வீதியில் 1791-இல் கட்டி முடிந்த சம்பா கோயில்தான் தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் இடம். பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் கேளுங்கள். பதிவு லத்தீனில் இருக்கலாம், ஞானப் பெற்றோர் பெயரையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் பல சமயம் நெருங்கிய உறவினர்.

அங்கிருந்து நடந்தால் ரங்கப்பிள்ளை வீதியில், நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. 1738-இல் கட்டியது, கீழே தமிழ்க் கட்டு, மேலே பிரெஞ்சு மாடி. 1761-இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கியபின் எஞ்சியவை மிகச் சில என்பதால் இதைத் தவற விடக்கூடாது. உள்ளே போக முன் அனுமதி வேண்டும்.

நிறைவாக இரண்டு வேண்டுகோள்கள். எந்த ஊர் எந்த ஆண்டு எந்தக் கொம்யூனில் இருந்தது என்ற அட்டவணையைத் தமிழிலும் பிரெஞ்சிலும் அச்சிட்டு, பதிவுப் பிரிவுகளின் வாசலிலும் சுற்றுலா அலுவலகத்திலும் வைக்கும்படி புதுச்சேரி அரசைக் கேட்டுக்கொள்கிறோம். வருகிறவர்களின் பாதிக் கேள்வி அதிலேயே தீரும், எழுத்தர்களுக்கும் சுமை குறையும். தங்கள் நாளிதழின் சுற்றுலா இணைப்பில் அடுத்த முறை புதுச்சேரி பற்றி எழுதும்போது அந்த அட்டவணையையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
பழைய பதிவேடுகளோடு பழகும் வாசகர்கள்,
புதுச்சேரி.