நேப்பாளத் தம்பிகளைப் பந்தியில் சேர்க்காத ஆலய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

டைபாய்டு வந்து ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தது என் மகன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். செம்பனை ஆலையில் வேலை செய்யும் நேப்பாளத் தம்பிகளை இனி வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் உட்கார வைக்கக் கூடாது, அவர்கள்தான் இந்தக் காய்ச்சலைக் கொண்டு வந்தார்கள் என்று முடிவெடுத்தீர்களே, எதை வைத்துச் சொன்னீர்கள்?

சரி, நேப்பாளத்தில் டைபாய்டு அதிகம், மறைக்க ஒன்றுமில்லை. எச்58 என்ற வகை டைபாய்டுக் கிருமி தெற்காசியாவிலிருந்து ஆசியா, ஆப்பிரிக்கா எங்கும் பரவியதும் உண்மை. 63 நாடுகளின் 1,832 மாதிரிகளை ஒப்பிட்டு 2015-ல் வந்த ஆய்வில் ஏறக்குறைய பாதி அந்த வகைதான், பல மருந்துகளுக்கு அடங்காத மரபணுக்களைச் சுமந்து வந்ததால் மற்ற வகைகளைத் தள்ளிவிட்டு வளர்ந்திருக்கிறது. ஆனால் டைபாய்டு நமக்குப் புதிதா? 2005-ல் நம் மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் நூற்றுக்கணக்கானோர் படுத்தார்களே. பால்மரம் வெட்டிய காலத்தில் என் பாட்டி இதே காய்ச்சலுக்கு ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர்.

இந்தக் கிருமி மனிதரிடம் மட்டுமே வாழும். காய்ச்சல் தீர்ந்த பிறகும் சிலருடைய பித்தப்பையில் வருடக்கணக்கில் தங்கிவிடும், அவருக்கே தெரியாது. அவர் நேப்பாளியாக இருக்கலாம், நம் சமையல்கட்டில் சாம்பார் கிண்டும் அக்காவாக இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.

யாரென்று வாய்க்கு வந்தபடி சொல்ல வேண்டியதில்லை, கிருமியையே படிக்கலாம். அதன் மரபணுத் தொகுதி ஒரு புத்தகம் மாதிரி, அதில் சுமார் 48 லட்சம் எழுத்துகள், சராசரியாக ஆண்டுக்கு ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. என் மகன் இரத்தத்தில் வளர்ந்த கிருமிக்கும் ஒரு தொழிலாளியிடம் கிடைத்த கிருமிக்கும் இருபது எழுத்து வித்தியாசம் இருந்தால், இரண்டும் பிரிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும், அவரிடமிருந்து இவனுக்கு வந்திருக்காது. வித்தியாசமே இல்லாவிட்டாலும் யார் யாருக்குக் கொடுத்தார் என்று அது சொல்லாது, இருவரும் ஒரே குவளைத் தண்ணீரைக் குடித்திருக்கலாம். அதனால்தான் என்ன சாப்பிட்டோம் என்றும் விசாரிக்க வேண்டும். போன திருவிழாவில் சிராப் தண்ணீருக்கு ஐஸ் கட்டியைக் கோணிப்பையோடு தரையில் போட்டு உடைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அப்படியே தோம்பில் கொட்டினார்கள், பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். அதைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

சாப்பாட்டுக் கடையில் வேலை செய்பவர்கள் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் சட்டம், மூன்று வருடத்துக்கு ஒரு முறை. கோயில் சமையலில் கைகொடுக்கும் எல்லாருக்கும் போடுங்கள், செலவுக்கு வசூல் செய்யலாம், நானும் தருகிறேன். அப்புறம், மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி சுகாதார அலுவலகத்துக்கு நிர்வாகத்தின் பெயரிலேயே ஒரு கடிதம் கொடுங்கள். கோவிட் காலத்தில் கிருமியின் மரபணுவைப் படித்த நாடு இது.

வெள்ளிதோறும் தன் அப்பளத்தை என் மகன் இலையில் வைக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். மருத்துவமனைக்கு மைலோ பொட்டலத்தோடு வந்து பார்த்தவரும் அவர்தான். போன வெள்ளிக்கிழமை வாசலிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். இந்த வெள்ளிக்கிழமை அவரை நீங்களே உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.