செப்டம்பருக்கு முன் வெல்லத்தை வீட்டோடு பழக்கு

பாளையங்கோட்டை,
ஜூலை 14

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ அனுப்பிய படத்தில் உன் பூனை வெல்லம் வேலிமேல் உட்கார்ந்திருக்கும் ஒய்யாரம் அழகுதான். அவள் எதைப் பார்க்கிறாள் என்று கவனித்தாயா? படத்தின் ஓரத்தில், புதருக்கு அடியில், வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு பழுப்பாக ஒன்று நிற்கிறது. அது சூப்பர்ப் ஃபேரி ரென். நம் தையல்சிட்டைப் போலவே இருக்கும், எடை பத்து கிராம்தான். இன்னும் ஆறேழு வாரத்தில் உங்கள் கான்பெராவில் அது கூடு கட்டத் தொடங்கிவிடும். அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா" என்று முடித்துவிடுவாய்.

"கழுத்தில் மணி இருக்கிறது, மூன்று மாதமாக ஒன்றையும் தூக்கி வரவில்லை, சட்டப்படியும் தப்பில்லை" என்று அவளை வெளியே விடுவதற்கு மூன்று சமாதானம் எழுதியிருக்கிறாய். சட்டம் பற்றி நீ சொன்னது சரி. கான்பெராவில் 2022 ஜூலை 1-லிருந்து பிறந்த பூனைகளை வளவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். வெல்லம் 2020-இல் பிறந்தவள். முலிகன்ஸ் ஃப்ளாட் காட்டை ஒட்டிய ஃபோர்ட், பானர் போன்ற பகுதிகளில் பூனையின் வயதைப் பார்ப்பதில்லை, எல்லாமே உள்ளேதான். உங்கள் தெரு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வேலிமேல் இருப்பவள் எந்த ஆண்டு பிறந்தாள் என்று அந்தச் சிட்டுக்குத் தெரியாதே.

மற்ற இரண்டு சமாதானமும் நிற்காது.

பூனை வீட்டுக்குக் கொண்டுவருவது அது பிடித்ததில் சிறு பங்குதான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சின்னக் கேமரா மாட்டிப் பார்த்தார்கள். பிடித்ததில் 23 சதவீதம்தான் வீட்டு வாசலுக்கு வந்தது. 28 சதவீதத்தைத் தின்றுவிட்டன. 49 சதவீதத்தைக் கொன்ற இடத்திலேயே போட்டுவிட்டு வந்தன. பசிக்காக மட்டும் பிடிப்பதில்லை என்பது இதிலேயே தெரிகிறது. வாசலில் ஒன்றும் இல்லை என்றால், வாசலில் ஒன்றும் இல்லை என்று மட்டும்தான் பொருள்.

உங்கள் ஊரிலேயே 1990-களில் எடுத்த கணக்கும் இருக்கிறது. கான்பெராவில் பூனைகள் ஒரு வருடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்த இரையை எண்ணினார்கள்: 1,961. அதில் 64 சதவீதம் வெளியிலிருந்து வந்து பரவிய எலி, சுண்டெலி வகைகள், 27 சதவீதம் பறவைகள். "எலியைத்தானே பிடிக்கிறது" என்று மாப்பிள்ளை சொல்வார். பாதிக்கு மேல் உண்மை. ஆனால் பறவைகளில் 47 இனங்கள் இருந்தன, அவற்றில் 41 அந்த மண்ணுக்கே உரியவை. பூனைக்குப் பூனை வித்தியாசமும் உண்டு. பத்தில் ஏழு பூனைகள் வருடத்துக்குப் பத்து இரைகூடக் கொண்டுவரவில்லை. நூற்றில் ஆறோ ஐம்பதைத் தாண்டின. வெல்லம் எந்தக் கூட்டத்தில் சேர்த்தி என்று வாசலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியா முழுவதற்குமான கணக்கை 2020-இல் சேர்த்துப் பார்த்தார்கள். வெளியே திரியும் ஒரு வளர்ப்புப் பூனை வருடத்துக்குச் சராசரியாக 186 உயிர்களைக் கொல்கிறது. அதில் 110 அந்த நாட்டு உயிர்கள் (40 பல்லி ஓணான் வகை, 38 பறவை, 32 பாலூட்டி). காட்டில் திரியும் பூனைதான் மோசம், வீட்டுப் பூனை சாது என்பார்கள். காட்டுப் பூனை தனி ஒன்றாக அதிகம் கொல்லும், மெய்தான். ஆனால் அது பரந்த நிலத்தில் ஒன்றிரண்டு. உங்கள் தெருவிலோ நாலு வீட்டுக்கு ஒன்று. சதுர கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால், குடியிருப்புப் பகுதியில் வளர்ப்புப் பூனைகள் கொல்வது காட்டில் காட்டுப் பூனைகள் கொல்வதைவிட 28 முதல் 52 மடங்கு. பூனைக்கு நாம் தீனி வைக்கிறோம், இரை குறைந்தாலும் அதன் எண்ணிக்கை குறைவதில்லை. புலியோ நரியோ இரை குறைந்தால் தானும் குறையும்.

1788-இல் வெள்ளைக்காரர் கப்பல் வந்து சேரும்வரை அந்தக் கண்டத்தில் பூனைக் குடும்பமே கிடையாது. நம் ஊரில் காட்டுப்பூனையும் கீரியும் காலங்காலமாக இருந்தும் சிட்டுகள் தடுமாறுகின்றன. அங்கே கேட்கவே வேண்டாம்.

ஃபேரி ரென்னின் கூட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஆபத்து எந்த நாட்களில் என்று புரியும். புல்லையும் சிலந்தி வலையையும் கோத்து, பக்கத்தில் வாசல் வைத்து, தரையிலிருந்து பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் புதரில் கட்டும். மூன்று நான்கு முட்டை. அடைகாப்பது இரண்டு வாரம், கூட்டில் குஞ்சு இருப்பது இன்னும் பன்னிரண்டு நாள் போல. அதன்பின் குஞ்சு வெளியே வரும், ஆனால் சரியாகப் பறக்க வராது. ஒரு வாரத்துக்கு மேல் தரையிலும் புதரடியிலும் தத்தித் தத்தித் திரியும். முந்தைய ஈட்டுப் பிள்ளைகள்கூட நின்று தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டும். (மணியோசை என்றால் பூனை என்று அந்தக் குஞ்சுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?) மண்மேட்டில் வளை தோண்டி முட்டையிடும் பார்டலோட்டுக்கும் ஏறக்குறைய இதே கதி.

மணி பயன்படாததற்குக் காரணம் இன்னொன்றும் உண்டு. பூனை இரையைத் துரத்துவதைவிடப் பதுங்குவதுதான் அதிகம். அசையாமல் இருக்கும்போது மணி ஒலிக்காது. ஒலிக்கிற நேரத்தில் அது பாய்ந்தாகிவிட்டது. இங்கிலாந்தின் தென்மேற்கில் 219 வீடுகளில் 355 பூனைகளை வைத்து எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள்: மணியால் குறிப்பிடும்படி ஒரு பலனும் இல்லை. நீ பெருமையாக வாங்கி வைத்திருக்கிறாயே, உருட்டினால் தீனி விழும் புதிர்ப் பாத்திரம், அதை வைத்த பூனைகள் கொண்டுவந்த இரை 33 சதவீதம் கூடியது. பலன் தந்தவை மூன்று. தானியம் இல்லாத, இறைச்சிப் புரதம் மிகுந்த தீனி கொடுத்ததில் 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியதில் 25. பேர்ட்ஸ்பிசேஃப் என்ற பெயரில் விற்கும் பளிச்சென்ற வண்ணத் துணியைக் கழுத்துப்பட்டைமேல் மாட்டியதில், பறவை மட்டும் 42.

வண்ணத் துணி நல்லதுதான், ஆனால் கண்ணால் கண்டு பறப்பவைக்கு மட்டும். எலிக்கோ, போசம் என்ற மரமேறும் பிராணிக்கோ நிறம் பெரிதாகத் தெரியாது, இருட்டில் யாருக்குமே தெரியாது. கூட்டிலிருக்கும் குஞ்சு கண்டாலும் எங்கே பறக்கும்? பழகும் ஆறு வாரத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள். இழுத்தால் தானே விடுபடும் கொக்கி உள்ள பட்டையாக வாங்கு. கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் முன்னங்காலை உள்ளே விட்டுக்கொண்டு அக்குளில் புண்ணாகிவிடும்.

"ராத்திரி மட்டும் உள்ளே வைக்கிறேனே" என்பாய். அதில் தப்புவது போசமும் எலியும். பறவை நடமாடுவது பகலில், முக்கியமாக விடிந்தவுடன். நீங்கள் எழுந்து கதவைத் திறக்கிற நேரம் அதேதான்.

கொல்லாவிட்டாலும் கேடு உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கரும்பறவைக் கூடுகளின் அருகே பாடம் செய்த பூனையைப் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு எடுத்தார்கள். பூனை போன பின்னும் தாய் தகப்பன் இரை ஊட்டுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவை போட்ட கூச்சலே கூட்டின் இடத்தைக் காட்டிக்கொடுக்க, காக்கை இனங்கள் வந்து குஞ்சைத் தூக்கின. உங்கள் வேலிமேல் வெல்லம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் இதுதான் நடக்கும்.

ஆகவே அவளை வீட்டோடு வைப்பதுதான் வழி. அது அவளுக்குத் தண்டனையாக ஆகாமல் செய்வது உன் கையில். அங்கே இப்போது நடக்கும் குளிர்காலத்திலேயே தொடங்கினால் பாதி வேலை தானே முடியும். காலையில் உறைபனி கிடக்கும்போது அவளே கணப்பை விட்டு நகரமாட்டாள்.

முதலில் தீனி. பக்கத்து வீட்டு அம்மா பாசத்தில் தயிர்சாதம் வைக்கிறார் என்றாயே, நிறுத்தச் சொல். பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் கிடைக்கும். குறைந்தால் கண் பார்வையும் இதயத் தசையும் கெடும். நாய்போல் எதையும் தின்று பிழைக்கிற பிராணி அல்ல அது. புதுத் தீனிக்கு ஒரே நாளில் மாற்றாதே: முதல் மூன்று நாள் கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால், பத்தாம் நாள் முழுவதும். நாலு கிலோ பூனைக்கு உலர் தீனி மட்டும் என்றால் நாளைக்கு 55 கிராம் அளவு. டப்பா தீனியும் கொடுத்தால் அதற்கேற்ப இதைக் குறை. தராசில் நிறு, கைப்பிடிக் கணக்கு வேண்டாம். வீட்டோடு இருக்கும் பூனை சீக்கிரம் பருக்கும். நாளுக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடு.

விளையாட்டு காலை ஒரு முறை, அந்தி சாயும்போது ஒரு முறை. குச்சி நுனியில் நூலும் இறகும் கட்டியது போதும். ஒளிந்து, ஓடி, கடைசியில் அவள் கையில் சிக்கவேண்டும்; சிக்கியதும் தீனியை வை. லேசர் புள்ளி ஆகாது. அது என்றைக்கும் சிக்காது, பூனை வெறுத்துப்போய் நிழலையெல்லாம் துரத்தத் தொடங்கும்.

மணல் தட்டு இரண்டு வை. ஒரு பூனைக்கு ஒன்று, கூட ஒன்று. மணல் ஐந்து சென்டிமீட்டர் ஆழம், தீனிக்கும் சலவை இயந்திரத்துக்கும் தள்ளி. தினமும் அள்ளாவிட்டால் உன் மெத்தைதான் அடுத்த தட்டு.

வெளியே விடும் நேரத்தை நாலு நாளுக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் வீதம் குறைத்துக்கொண்டே வா. வழக்கமாகக் கிளம்பும் நேரத்தில் உள்ளே சாப்பாடு வை. முதல் பத்து நாள் கதவடியில் கத்துவாள். ஐந்தாம் ராத்திரி பொறுக்காமல் நீ திறந்தால், ஐந்து ராத்திரி கத்தினால் திறக்கும் என்று கற்றுக்கொள்வாள், பிறகு மாற்றுவது கடினம். திறக்கவே திறக்காதே, மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. ஒன்றை மட்டும் கவனி: தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போ. மன அழுத்தத்தில் சிறுநீர்ப்பை வீங்கும். ஆண் பூனைக்கு உயிர் போகும் விஷயம். பெண்ணுக்கு அவ்வளவில்லை என்றாலும் வலி வலிதான்.

பின்பக்கத் தாழ்வாரத்தை வலைபோட்டு அடைத்துவிட்டால் அவளுக்கு வெயிலும் காற்றும் கிடைக்கும். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கு. தரமாட்டார் என்றால் சுவரைத் தொடாமல் தனியாக நிற்கும் கூண்டு. வலைக் கண் 30 மில்லிமீட்டர் இருந்தால் போதும், வெயிலுக்கு இற்றுப்போகாத வகையாகப் பார். மேலும் கீழும் மூன்று மில்லிமீட்டர் எஃகுக் கம்பி இழுத்துக் கட்டி, முறுக்காணியால் இறுக்கி, அதில் வலையைக் கோர். தொங்கும் வலையில் நகம் மாட்டும். கொசுவலையை நம்பாதே, ஒரு வாரத்தில் கிழிப்பாள். வெள்ளை பிளாஸ்டிக் கட்டுகள் உங்கள் ஊர் வெயிலில் ஒரு கோடை தாங்காமல் நொறுங்கும், கறுப்பில் வெயில் தாங்குபவை உண்டு. தலை நுழைந்தால் உடம்பும் நுழையும், ஆகவே எங்கும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விடாதே, முக்கியமாகத் தரையோரம். கூரையும் மூடவேண்டும். உள்ளே 30 சென்டிமீட்டர் அகலப் பலகைகளை ஏணிப்படிபோல் மூன்று நான்கு வை. பூனைக்குத் தரைப்பரப்பைவிட உயரம்தான் பெரிது.

இதற்குள் எப்போதாவது அவள் ஒரு பறவையைக் கவ்வி வந்துவிட்டால், காயம் தெரியவில்லை என்று பறக்கவிட்டுவிடாதே. பூனை வாயிலுள்ள பாஸ்டுரெல்லா கிருமி சின்னப் பல் குத்து வழியாகவே ரத்தத்தில் ஏறும். மருந்து கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் செத்துப்போகும். துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, துளை போட்டு, இருட்டான கதகதப்பான இடத்தில் வை. தண்ணீரோ சோறோ வாயில் ஊற்றாதே, மூச்சுக்குழலில் போகும். அன்றைக்கே மருத்துவரிடமோ ஏ.சி.டி. வைல்ட்லைஃப் ஆட்களிடமோ சேர்த்துவிடு. பூனை கவ்வியது என்று மறைக்காமல் சொல், மருந்து அதை வைத்துத்தான்.

தாழ்வாரத்தின் நீளம், அகலம், கூரை உயரம் மூன்றையும் அளந்து அனுப்பு. எத்தனை மீட்டர் வலை, எத்தனை ஆணி என்று அப்பா கணக்குப் போட்டுத் தருகிறார். பென்சிலும் காகிதமுமாக இப்போதே தயாராக இருக்கிறார். வெல்லத்தின் எடையையும் எழுது.

அன்புடன்,
அம்மா

பி.கு.: படத்தில் ஜன்னலோரம் பூச்சாடியில் லில்லி தெரிகிறது. இனி அவள் நாள் முழுவதும் உள்ளேதான், ஆகவே அதை இன்றைக்கே வெளியே போடு. இலை, பூ, மகரந்தம், சாடித் தண்ணீர் எதுவானாலும் பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும். அவள் மெல்லுவதற்குப் பச்சை வேண்டுமென்றால் ஒரு தட்டில் கோதுமையை முளைக்கப் போடு.