சாறு வடியுதுன்னு மட்டும் எழுதுனா எப்படிங்க பதில் சொல்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வாராவாரம் வர்ற விவசாய கேள்வி பதில் பகுதிய ஒண்ணு விடாம படிக்கிறவன் நான். போன வாரம் வந்த ஒரு கேள்வியப் பாத்துட்டு மனசு கேக்காமத்தான் இத எழுதுறேன். "தென்னை மரத்தில் சாறு வடிகிறது, என்ன மருந்து இடலாம்?" இவ்வளவுதான் கேள்வியே, கீழ ஒரு வாசகர்னு போட்டிருந்துச்சு. பதில் சொன்னவர் அத தஞ்சாவூர் வாடல் நோய்னு எடுத்துக்கிட்டு, மரத்துக்கு 40 லிட்டர் 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சாண மருந்து) ஊத்துங்க, 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடுங்கன்னு எழுதியிருக்கார். அந்த நோய்க்கு அது சரியான பதில்தாங்க, அவரு மேல தப்பே இல்ல. ஆனா அந்த மரத்துக்கு வந்திருக்கறது அந்த நோய்தானான்னு அந்த ஒரு வரிய வச்சு யாரால சொல்ல முடியும்?

நான் வேளாண்மைத் துறையில உதவி அலுவலரா இருந்து ரிட்டயர் ஆனவன், பட்டுக்கோட்டை பேராவூரணி பக்கமே பாதி சர்வீஸ் போயிடுச்சு. தென்னையில சாறு வடியறதுக்கு எனக்குத் தெரிஞ்சே நாலு காரணம் இருக்கு. தஞ்சாவூர் வாடல்னா அடிமரத்துல, தரைய ஒட்டி செவப்பும் காப்பிக்கொட்டை கலருமா பிசுபிசுன்னு வடியும், அடிமட்டைங்க மொதல்ல தொங்கும், தோண்டிப் பாத்தா வேர் அழுகியிருக்கும், மணல் பாங்கான தரையில, தண்ணி சரியா பாயாத தோப்புலதான் அதிகம் வரும். சாறு வடிதல் நோய்னே ஒண்ணு தனியா இருக்கு, அதுல தண்டுல வெடிப்பு விட்டு அதுலேர்ந்து வடிஞ்சு காஞ்சு கறுப்பாயிடும், அதுக்கு அழுகுன பகுதிய செதுக்கி எடுத்துட்டு போர்டோ பசை தடவணும். சிவப்புக் கூன்வண்டுன்னா தண்டுல ஓட்ட இருக்கும், ஓட்ட வாயில மென்னு துப்புன நார் தள்ளிக்கிட்டு நிக்கும், காத வச்சுக் கேட்டா உள்ள கரக் கரக்னு புழு கடிக்கிற சத்தம் கேக்கும். இடி எறங்குன மரத்துலயும் கசியும். இந்த நாலுக்கும் வைத்தியம் வேற வேற. கூன்வண்டு உள்ள குடைஞ்சுக்கிட்டிருக்கற மரத்துக்கு வேர்ல போர்டோ கலவை ஊத்திட்டு ஒரு மாசம் உக்காந்திருந்தா மரத்த அப்பறம் வெட்டத்தான் வேணும்.

இது நடந்ததும் உண்டு. ரிட்டயர் ஆனதுக்கு அப்பறமும் போன்லயும் வாட்ஸ்அப்லயும் நெறைய பேர் கேப்பாங்க, அதுல ஒருத்தர், 60 மரம் வச்சிருக்கறவர், சாயங்காலம் போன் பண்ணி "சார் மரம் சாறு வடியுது, அவசரம்"னாரு, நானும் அவசரத்துல எங்க வடியுதுன்னு கேக்காம வாடல் நோய்க்கான வைத்தியத்த சொல்லிட்டேன், அவரும் சிரமப்பட்டு ஊத்திட்டு காத்திருந்தாரு. அஞ்சாவது வாரம் நேர்ல போய் பாத்தா கொண்டைக்கு, அதான் மட்டை வர்ற உச்சிக்குக் கீழ மூணு ஓட்ட, கூன்வண்டு வேல. நாலு மரம் போச்சு, காய்க்கற பருவத்துல இருந்த 12 வருஷத்து மரங்க. அவரு கேட்ட விதம் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா அந்த மரங்க நின்னிருக்கும், இன்னைக்கும் அது எனக்கு உறுத்துது.

ஏன் இப்படி கேக்கறாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். தோப்புக்காரர் தெனம் காலையில அந்த மரத்துக்கு அடியிலதான் நிக்கறாரு. எந்த மரம், எந்தப் பக்கம், எப்பலேர்ந்து, பக்கத்து தோப்புல இருக்கா, போன மாசம் கடைக்காரர் குடுத்த மருந்த ஊத்துனது எல்லாம் அவரு மனசுல இருக்கு, அதனால கேக்கும்போது பதில் சொல்றவங்களுக்கும் அது தெரியும்னு ஒரு நெனப்பு வந்துடுது. எதிர்ல இருக்கறவனுக்கு அந்த ஒரு வரி மட்டும்தாங்க தெரியும். போட்டோ அனுப்புறவங்களும் தூரத்துல நின்னு முழு மரத்தையும் வெயிலுக்கு எதிர எடுத்து அனுப்புவாங்க, அதுல ஒண்ணுமே தெரியாது. வடியற எடத்த கிட்ட போய் ஒண்ணு, அடிமரத்த ஒண்ணு, கொண்டைய ஒண்ணுன்னு மூணு போட்டோ எடுத்தா போதும், பாதி வேல முடிஞ்சுடும்.

இன்னொன்னும் சொல்லணும். நெறைய பேர் நோயக் கேக்கறதே இல்ல, மருந்தத்தான் கேக்கறாங்க. "சார் இந்த மருந்து மரத்துக்கு வேர் வழியா எத்தன மில்லி கட்டணும்?" நான் மில்லிய சொல்லிட்டா அதோட போன வச்சிடுவாங்க. மரத்துக்கு என்னன்னு கேட்டா "குரும்ப கொட்டுது சார்"னு வரும். குரும்பைங்கற பிஞ்சுக்காய் கொட்டறது தண்ணி பத்தாமலும் இருக்கும், போரான் மாதிரி சத்து பத்தாமலும் இருக்கும், மகரந்தம் சரியா சேராமலும் இருக்கும், பூஞ்சாணமாவும் இருக்கும், இதுல எதுவா இருந்தாலும் அவரு கையில வச்சிருக்கற பூச்சி மருந்துக்கு அங்க வேலையே இருக்காது. அதனால மருந்து பேர சொல்றதுக்கு முன்னாடி மரத்துக்கு என்ன கஷ்டம்னு சொல்லுங்கன்னு நான் எப்பவும் கெஞ்சுவேன்.

நல்லா கேக்கறவங்களும் இருக்காங்க. பேராவூரணி பக்கத்துல ஒரு அம்மா, கஜா புயல்ல (2018 நவம்பர்) பாதி தோப்பு போய் திரும்ப கன்னு வச்சவங்க, அவங்க அனுப்புன மெசேஜ இன்னும் அழிக்காம வச்சிருக்கேன். "நாலு வருசத்து கன்னு, 35 இருக்கு, அதுல கெழக்கு ஓரத்துல இருக்கற 6 மட்டும் மட்டை விசிறி மாதிரி வெட்டுப்பட்டு வருது, பத்து நாளா பாக்குறேன், பக்கத்துலயே எருக்குழி இருக்கு, இதுவரைக்கும் எதுவும் அடிக்கல, எருக்குழிதான் காரணமா?" அவங்க கேள்வியிலயே பதில் இருக்குங்க, மட்டைய அப்படி விசிறியா வெட்டறது காண்டாமிருக வண்டு, அது எருக்குழியிலதான் முட்ட வைக்கும். எருவ கிண்டி புழுவ பொறுக்கிப் போடுங்கன்னு நான் ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிட்டேன். அவங்க ஸ்கூல் படிப்பு தாண்டுனவங்க இல்ல.

அந்தக் காலத்துல திருச்சி ரேடியோவுல பண்ணை நிகழ்ச்சி கேட்டு ஆடுதுறை 27 நெல்லுக்கு ரேடியோ நெல்லுன்னே பேர் வச்ச ஊருங்க இது. கேட்டு தெரிஞ்சுக்கற பழக்கம் நம்ம ஆளுங்களுக்குப் புதுசு இல்ல. இப்ப 1800-180-1551ங்கற கிசான் கால் சென்டர் நம்பருக்கு காலையில 6 மணியிலேர்ந்து ராத்திரி 10 மணி வரைக்கும் காசில்லாம போன் பண்ணி தமிழ்லயே கேக்கலாம், அங்க எதிர்ல ஆள் இருக்கறதால திருப்பிக் கேட்டுக்குவாங்க. பேப்பர்ல அது முடியாது, எழுதுறது ஒரு தடவதான், பதில் வர்றதுக்குள்ள ரெண்டு மூணு வாரம் ஓடிடும்.

இங்கதான் ஆசிரியர் ஐயா உங்ககிட்ட எனக்கு ஒரு வருத்தம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் உங்க பகுதிக்கு ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்புனாரு, மரத்து வயசு, மண்ணு, தண்ணி எல்லாம் போட்டு. அச்சுல வந்தப்ப ஒரே வரியா சுருக்கிட்டீங்க. எடம் பத்தாதுன்னு எனக்கும் புரியுது. ஆனா பதிலப் படிக்கிற மத்த ஆயிரம் பேர் அந்த விவரத்த வச்சுத்தான் இது நம்ம மரத்துக்கும் பொருந்துமா பொருந்தாதான்னு பாப்பாங்க, அத வெட்டிட்டா எல்லாரும் அதே மருந்த வாங்கி ஊத்துவாங்க, அடுத்து எழுதுறவங்களும் ஒரு வரியில எழுதுனா போதும்னு நெனச்சுக்குவாங்க. வாரத்துக்கு எட்டு கேள்வி போடறதுக்கு பதிலா அஞ்சு போடுங்க, ஆனா கேள்விய முழுசா போடுங்க. பகுதிக்கு மேல சின்னதா ஒரு கட்டம் கட்டி, பயிர் வயசு, எத்தன மரத்துல, மரத்துல எந்த எடத்துல, எத்தன நாளா, மண்ணும் தண்ணியும் எப்படி, இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க, இத எழுதி அனுப்புங்கன்னு போட்டீங்கன்னா பெரிய உதவியா இருக்கும். விவரம் பத்தாத கேள்விக்கு பதில் சொல்றவரும் ஊகத்துல மருந்து எழுதாம, இன்னின்ன விவரம் வேணும்னு அச்சுலயே திருப்பிக் கேக்கட்டும்.

போன வாரம் கேட்ட அந்த வாசகர் இதப் படிச்சா, மரத்துல ஓட்ட இருக்கா, நார் தள்ளியிருக்கான்னு இன்னைக்கே போய் பாருங்கய்யா, காத வச்சும் கேளுங்க. பாத்துட்டு திரும்ப எழுதுங்க, அது என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க நானும் காத்துக்கிட்டிருக்கேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உதவி வேளாண் அலுவலர்,
தஞ்சாவூர் மாவட்டம்.